ஓடுகிற வீடியோ மேல் கோடு போடுவது: கொலுசுப் பட்டறையில் கற்றுக்கொண்டது

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவர் கூப்பிட்டார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருந்து கழுத்து போய்விட்டதாம். ஒரு கேமராவை மேலே மாட்டி, கொலுசுச் சங்கிலியின் கண்ணியைத் திரையில் பெரிதாகக் காட்டி, அதன் மேல் சரியான அளவில் ஒரு வட்டமும் போட்டுக் கொடுத்தால் போதும், கண்ணி வட்டத்துக்குள் உட்கார்ந்தால் சரி, உட்காராவிட்டால் திரும்ப உருக்கப் போகட்டும் என்றார்.

"ஒரு வட்டம்தானே மாமா, ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆனது. நான் எங்கெல்லாம் முட்டிக்கொண்டேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன், உங்களுக்கு இரண்டு நாளில் முடியலாம்.

நான் எடுத்தது பைத்தான் மொழி, படத்துக்கு ஓபன்சிவி, விண்டோ, பொத்தான் என்று திரையில் தெரிவதற்கு கியூட் (அதைப் பைத்தானில் பயன்படுத்த பைசைடு 6). ஓபன்சிவி 1999இல் இன்டெல்லில் ஆரம்பித்த மென்பொருள் நூலகம், கேமராவைத் திறந்து ஃபிரேம் ஃபிரேமாக (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃபிரேம்) வாங்கித் தருவதில் அதற்கு இணையில்லை. அதிலேயே இம்ஷோ என்று ஒரு விண்டோவும் இருக்கிறது. கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க அது போதும், அதற்கு மேல் அதை நம்பி இறங்காதீர்கள். பொத்தான், மெனு என்று எதையும் நினைத்தபடி வைக்க முடியாது, தமிழ் எழுத்தும் வராது. இம்ஷோவில் முதல் நாளே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிறகு வெயிட்கீயைக் கூப்பிட மறந்தால் விண்டோ வெறும் சாம்பல் நிறத்தில் உறைந்து நிற்கும். வெயிட்கீ என்றால் ஏதோ விசை அழுத்துவதற்கு மட்டும் என்று நினைப்போம், உண்மையில் விண்டோவைத் திரையில் வரைய வைப்பதே அதுதான்.

இனி கேமரா. மாமா வாங்கி வைத்திருந்தது சாதாரண யூஎஸ்பி 2 கேமரா, 1920க்கு 1080. திறந்தேன், படம் தத்தித் தத்தி வந்தது, நொடிக்கு நாலோ ஐந்தோ ஃபிரேம். கேமராவைக் குறை சொல்லும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். சுருக்காத படத்தில் ஒரு பிக்சலுக்கு 2 பைட், ஆக ஒரு ஃபிரேமுக்கு 41 லட்சம் பைட்டுக்கு மேல், நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் ஏறக்குறைய 124 மெகாபைட். யூஎஸ்பி 2இன் உச்ச வேகமே காகிதக் கணக்கில் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட்தான். குழாய் சின்னது, தண்ணீர் அதிகம், அவ்வளவுதான் விஷயம். கேமராவை எம்ஜேபெக் வடிவத்தில் அனுப்பச் சொன்னால் (ஓபன்சிவியில் ஃபோர்சிசி என்ற அமைப்பு) ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்பும், 30 ஃபிரேமும் தடையில்லாமல் வரும். அமைத்துவிட்டு, உண்மையிலேயே அமைந்ததா என்று திரும்பக் கேட்டுப் பாருங்கள். கேமரா ஒத்துக்கொள்ளாவிட்டால் ஓபன்சிவி சத்தம் போடாது, பழைய அமைப்பிலேயே ஓட்டிக்கொண்டிருக்கும்.

கேமராவிலிருந்து ஃபிரேம் வாங்கும் வேலையைத் திரையைக் கவனிக்கும் த்ரெட்டில் (மென்பொருளுக்குள் தனியாக ஓடும் ஒரு ஓட்டம்) வைக்காதீர்கள். அடுத்த ஃபிரேம் வரும்வரை அது காத்திருக்கும், அதுவரை பொத்தான் அழுத்தினாலும் அசையாது. தனி த்ரெட்டில் ஒரு லூப் போடுங்கள்: வாங்கு, கடைசி ஃபிரேம் என்ற ஒரே இடத்தில் வை, திரைக்கு ஒரு சிக்னல் கொடு. வரிசையில் அடுக்கி வைக்க வேண்டாம். அடுக்கினால் திரை கொஞ்சம் மெதுவானாலும் பழைய ஃபிரேம்கள் குவிந்துகொண்டே போய், போன நொடியின் படத்தை இப்போது பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பட்டறையில் இது சின்ன விஷயம் இல்லை. சாமணத்தில் கண்ணியைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்து வேலை செய்பவருக்குக் கை நகர்ந்து அரை நொடி கழித்துத் திரையில் நகர்ந்தால் கை தடுமாறிவிடும். தாமதத்தை அளக்க எளிய வழி ஒன்று இருக்கிறது: போனில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு கேமராவுக்குக் கீழே வையுங்கள், இன்னொரு போனால் அந்த ஸ்டாப்வாட்சும் திரையும் சேர்ந்து தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தாமதம்.

படத்தைச் சுழற்ற வேண்டும் என்றால் அதையும் இந்த த்ரெட்டிலேயே, ஃபிரேம் வந்த கையோடு செய்துவிடுங்கள். எங்கள் கேமரா, வேலை செய்பவருக்கு எதிர்ப்பக்கமிருந்து மாட்டப்பட்டிருந்தது. அவர் வலப்பக்கம் நகர்த்தினால் திரையில் இடப்பக்கம் போனது. அரை மணி நேரம் பார்த்த ஒரு அண்ணன், "இது நமக்கு ஆகாதுங்க" என்று பழைய பூதக்கண்ணாடிக்கே போய்விட்டார். 180 டிகிரி சுழற்ற ஒரு வரிதான்.

ஓபன்சிவி தரும் ஃபிரேம் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் இருக்கும், மற்றவை பெரும்பாலும் சிவப்பை முதலில் எதிர்பார்க்கும். மாற்றாமல் காட்டினால் ஆட்களின் முகம் நீலமாகத் தெரியும், வெள்ளிக்கு வித்தியாசமே தெரியாது, அதனால் நான் இரண்டு நாள் கவனிக்கவே இல்லை. கியூட் 5.14 முதல் நீலத்தை முதலில் வைக்கும் வடிவத்தையும் க்யூஇமேஜ் (கியூட்டில் படத்தை வைத்திருப்பது) நேரடியாக ஏற்கிறது, மாற்றும் வேலை மிச்சம். ஆனால் க்யூஇமேஜை உருவாக்கும்போது ஒரு வரிக்கு எத்தனை பைட் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒவ்வொரு வரியும் 4ஆல் வகுபடும் நீளம் என்று அது எடுத்துக்கொள்ளும். 1920 அகலத்தில் சிக்கல் தெரியாது, 638 என்று வெட்டிய படத்தைக் கொடுத்தால் படம் முழுக்கச் சாய்ந்து சேலை மடிப்பு மாதிரி போகும். இன்னொன்று, க்யூஇமேஜ் படத்தை நகலெடுப்பதில்லை, நீங்கள் காட்டிய நினைவக இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் அடுத்த ஃபிரேமை எழுதினால் பாதிப் படம் பழையது, பாதிப் படம் புதியது என்று கிழிந்து தெரியும், சில சமயம் மென்பொருளே படுத்துவிடும். த்ரெட்டைத் தாண்டி அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்துவிடுங்கள். ஓபன்சிவி தரும் ஃபிரேமில் பிக்சலுக்கு 3 பைட், ஆக ஒரு ஃபிரேம் 62 லட்சம் பைட், இன்றைய கணினிக்கு அது பெரிய சுமை இல்லை.

சரி, வட்டம். முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான்: மவுஸ் கிளிக் செய்த இடத்தில் ஃபிரேமின் மேலேயே ஓபன்சிவியின் வட்டத்தைப் போட்டேன். மின்னி மறைந்தது. ஓடுகிற வீடியோவில் ஃபிரேமின் மேல் போடும் கோடு நீர்மேல் எழுத்துதான், 33 மில்லிசெகண்டில் அடுத்த ஃபிரேம் வந்து அழித்துவிடும். அதனால் படம் வேறு, கோடு வேறு என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். வரைந்ததை எல்லாம் ஒரு பட்டியலில் வையுங்கள்: வட்டம், மையம் இங்கே, ஆரம் இவ்வளவு, நிறம் இது. ஃபிரேமைத் தொடாதீர்கள். பெயின்ட்இவென்ட் (விண்டோவை வரையச் சொல்லி கியூட் கூப்பிடுவது) வரும்போதெல்லாம் முதலில் படத்தை வரை, அதன் மேல் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் வரை, முடிந்தது. நொடிக்கு 30 தடவை நாலு வட்டத்தைத் திரும்பத் திரும்ப வரைவது வீண் வேலை மாதிரித் தோன்றும். கணினிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கடைசியாகப் போட்டதை அழிக்க வேண்டுமா, பட்டியலின் கடைசியை எடுத்துவிட்டால் போதும்.

அடுத்து நான் செய்த தப்புதான் பெரிய தப்பு. வட்டத்தின் மையத்தை விண்டோவின் அளவில் சேமித்தேன். என் மேசையில் எல்லாம் சரியாக இருந்தது. பட்டறையில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் யாரோ விண்டோவைத் திரை முழுக்கப் பெரிதாக்கியிருக்கிறார்கள். படம் பெரிதானது, வட்டம் பழைய அளவிலேயே, பழைய இடத்திலேயே நின்றது. பெரிதான படத்தில் எல்லாக் கண்ணியும் வட்டத்தை விடப் பெரிதாகத் தெரிந்தது, அந்த அண்ணன் திரையை நம்பி நல்ல கண்ணிகளை ஒரு தட்டு நிறைய ஒதுக்கி வைத்துவிட்டார். மாலை மாமா ஒன்றை எடுத்து வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, உன் வட்டம் பொய் சொல்லுது." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எனவே வரைவது எல்லாம் படத்தின் பிக்சல் கணக்கில் இருக்க வேண்டும், விண்டோவின் கணக்கில் அல்ல. விண்டோ 1000க்கு 800, படம் 1920க்கு 1080 என்று வைத்துக்கொள்வோம். படத்தின் விகிதம் கெடாமல் பொருத்த, 1000ஐ 1920ஆல் வகுத்தால் 0.5208, 800ஐ 1080ஆல் வகுத்தால் 0.7407, இரண்டில் சிறியதை எடுக்க வேண்டும், 0.5208. படம் 1000 அகலம், 562.5 உயரத்தில் தெரியும், மீதி உயரம் மேலும் கீழும் 118.75 ஆகக் கருப்புப் பட்டையாக விழும். இப்போது மவுஸ் 250, 200 என்ற இடத்தில் கிளிக் ஆனால், படத்தில் அது எங்கே? குறுக்கே 250ஐ 0.5208ஆல் வகுக்க 480. நெடுக்கே முதலில் 118.75ஐக் கழித்து 81.25, அதை வகுக்க 156. அந்தப் பட்டையைக் கழிக்க மறந்தால் 384 என்று வரும், வட்டம் எங்கேயோ போய் உட்காரும்.

இந்தக் கணக்கை மவுஸுக்கு ஒரு இடத்தில், வரைவதற்கு இன்னொரு இடத்தில் என்று தனித்தனியாக எழுதாதீர்கள், என்றாவது ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பீர்கள். கியூட்டின் க்யூட்ரான்ஸ்ஃபார்ம் ஒன்றை உருவாக்கி, நகர்த்தல், அளவு இரண்டையும் அதில் வைத்து, வரையும்போது அதையே கோடு வரையும் க்யூபெயின்டருக்குக் கொடுங்கள், மவுஸுக்கு அதையே தலைகீழாக்குங்கள். பெரிதாக்கிப் பார்க்கும் வசதி பிற்பாடு வேண்டுமென்றால் அந்த ஒரு இடத்தை மாற்றினால் போதும். பேனாவை மட்டும் காஸ்மெட்டிக் என்று குறித்துவிடுங்கள், இல்லாவிட்டால் படத்தைப் பெரிதாக்கும்போது கோடும் தடித்துக் கண்ணியையே மறைத்துவிடும்.

மில்லிமீட்டர் கணக்குக்கு வருவோம், பட்டறைக்காரருக்குப் பிக்சல் எதற்கு. கேமராவின் உயரத்தைப் பூட்டிவிட்டு, அளவு தெரிந்த ஏதாவது ஒன்றைக் கீழே வைத்து அளக்க வேண்டும். கையில் எப்போதும் இருப்பது பத்து ரூபாய் நாணயம், விட்டம் 27 மில்லிமீட்டர். எங்கள் அமைப்பில் அது 810 பிக்சல் வந்தது, ஆக ஒரு மில்லிமீட்டருக்கு 30 பிக்சல். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசம் 3 பிக்சலாகத் தெரியும், கண்ணுக்குப் போதும். ஆனால் இரண்டு விஷயம் இந்தக் கணக்கைக் கெடுக்கும். தானியங்கி ஃபோகஸ் ஓடும்போது படத்தின் அளவே லேசாக மாறும், அதனால் அதை நிறுத்தி ஓரிடத்தில் பூட்டுங்கள். அப்புறம் உயரம்: கேமரா 200 மில்லிமீட்டர் மேலே இருக்கும்போது, மேசையை விட 2 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் பொருள் ஒரு சதவீதம் பெரிதாகத் தெரியும். கொலுசு தட்டையான காகிதம் இல்லை. எந்த மட்டத்தைப் பார்க்கப் போகிறீர்களோ அந்த மட்டத்தில் நாணயத்தை வைத்து அளவெடுங்கள். நாங்கள் நாணயத்துக்கு அடியில் ஒரு தகட்டை வைத்தோம்.

வெள்ளியைப் படம் பிடித்தவர்களுக்குத் தெரியும், அது கண்ணாடி மாதிரி விளக்கைத் திருப்பி அடிக்கும். பளிச்சென்ற வெள்ளைத் திட்டில் கண்ணியின் விளிம்பே தெரியாது, பற்றவைத்த இடம் எங்கே என்று தேட வேண்டும். மென்பொருளில் இதைச் சரிசெய்ய நான் நான்கு நாள் வீணாக்கினேன். கடைசியில் கடையில் ஒரு டிரேசிங் பேப்பர் வாங்கி விளக்குக்கு முன்னால் கட்டியதும் சரியாகிவிட்டது. தானியங்கி எக்ஸ்போஷரையும் (ஒளி வாங்கும் நேரத்தைக் கேமராவே மாற்றிக்கொள்வது) நிறுத்துங்கள், இல்லாவிட்டால் கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும். லினக்ஸில் இந்த அமைப்புக்கு 1 என்றால் கையால், 3 என்றால் தானியங்கி, விண்டோஸில் எண்கள் வேறு, டிரைவரைப் பொறுத்தும் மாறும். படத்தில் குறுக்கே இருண்ட பட்டைகள் ஊர்ந்தால் அது மின்சாரத்தின் வேலை: நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது, பல கேமராக்கள் 60 ஹெர்ட்ஸ் என்று நினைத்துக்கொண்டு வருகின்றன. கேமரா அமைப்பில் 50 என்று மாற்றுங்கள், அல்லது எக்ஸ்போஷரை நொடியில் 100இல் ஒரு பங்கு, 50இல் ஒரு பங்கு என்று வையுங்கள்.

கோட்டின் நிறத்துக்கும் ஒரு வார்த்தை. வெள்ளி மேல் வெள்ளையும் மஞ்சளும் காணாமல் போகும். முதலில் தடிமனாகக் கருப்பில் ஒரு கோடு, அதன் மேலேயே மெல்லியதாகப் பச்சையில் ஒரு கோடு போடுங்கள், எந்தப் பின்னணியிலும் தெரியும்.

தமிழில் எழுத வேண்டும் என்றால் படத்தில் எழுத்து எழுதும் ஓபன்சிவியின் புட்டெக்ஸ்ட் பக்கமே போகாதீர்கள், "சரி" என்று கொடுத்தால் கேள்விக்குறிகளாக வரும். பில்லோ நூலகத்தில் தமிழ் எழுத்துரு கொடுத்து எழுதலாம், ஆனால் ராக்ம் என்ற துணை நூலகம் அதோடு சேர்ந்திருக்க வேண்டும். அது இல்லாமல் எழுதினால் "கொலுசு" என்பதில் கொம்பு முன்னால் வராது, எழுத்துக்குப் பின்னால் போய்த் தொங்கும். க்யூபெயின்டரில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, எழுத்துகளை அதுவே சரியாகக் கோக்கும். நான் இம்ஷோவை விட்டுக் கியூட்டுக்கு வந்ததற்குப் பாதிக் காரணம் இதுதான், பட்டறையில் ஆங்கிலத்தில் காட்டி யாருக்கு என்ன பயன்.

சேமிக்கும்போது கோடில்லாத படம் ஒரு கோப்பு, வரைந்த பட்டியல் ஜேசன் என்ற எழுத்து வடிவில் இன்னொரு கோப்பு என்று இரண்டாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பத்தான் இரண்டும் கலந்த படம் தேவைப்படும், அதை ஒரு நகலின் மேல் வரைந்து கொடுத்துவிடலாம். ஆறு மாதம் கழித்து, வட்டம் தப்பா கண்ணி தப்பா என்று சண்டை வரும்போது சுத்தமான படம் கையில் இருக்க வேண்டும்.

இதே மென்பொருளைக் கொஞ்சம் மாற்றி ஏற்காட்டில் ஒரு நண்பரின் காபித் தோட்டத்தில் வைத்தோம். அங்கே தேவை வேறு. பறிப்புக் காலத்தில் காயவைக்கும் களத்தில் ஒவ்வொரு பாத்தியும் எந்த நாள் பறித்தது என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், கேமராப் படத்தின் மேலேயே பாத்தியைச் சுற்றிக் கோடு போட்டுத் தேதி எழுதிவிட்டால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். வட்டத்துக்குப் பதில் பலகோணம், மற்றதெல்லாம் அதேதான். கேமரா மட்டும் யூஎஸ்பி இல்லை, கம்பத்தில் மாட்டிய ஐபி கேமரா (நெட்வொர்க் வழியாகப் படம் அனுப்புவது), படம் ஆர்டிஎஸ்பி என்ற வகை முகவரியில் வரும், வழக்கமாக 554 போர்ட்.

இந்த முகவரிக்குள்ளேயே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போகும். கடவுச்சொல்லில் @ குறி இருந்தால் அந்த இடத்தில் %40 என்று எழுத வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கடவுச்சொல்லைச் சர்வர் பெயர் என்று எடுத்துக்கொண்டு திறக்க மறுக்கலாம். இதற்காக 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, கேமராவைக் கழற்றி மாட்டிவிட்டு இறங்கிய நாளும் உண்டு. அப்புறம், படம் பச்சையும் சாம்பலுமாகச் சிதைந்து வந்தால் பெரும்பாலும் யூடிபியில் பாக்கெட்டுகள் தொலைகின்றன என்று அர்த்தம், தொலைந்ததைத் திரும்ப அனுப்பும் டிசிபிக்கு மாற்றுங்கள், கொஞ்சம் தாமதம் கூடும், களத்துக்கு அது பரவாயில்லை. பெரும்பாலான ஐபி கேமராக்களில் சிறிய அளவில் இரண்டாவது ஸ்ட்ரீம் ஒன்று இருக்கும், வெறுமனே பார்ப்பதற்கு அதை எடுங்கள். இங்கேதான் படப் பிக்சலில் சேமித்ததும் போதாமல் போகும்: பெரிய ஸ்ட்ரீமில் வரைந்த பாத்தி சிறிய ஸ்ட்ரீமில் திரைக்கு வெளியே போய்விடும். அகலத்தாலும் உயரத்தாலும் வகுத்து 0 முதல் 1 வரையான எண்ணாகச் சேமித்துவிடுங்கள், இரண்டு ஸ்ட்ரீமும் ஒரே விகிதத்தில் இருந்தால் எதிலும் பொருந்தும்.

மலையில் மின்சாரம் போகும், நெட் போகும். இணைப்பு அறுந்தால் ஃபிரேம் வாங்கும் அழைப்பு, கிடைக்கவில்லை என்பதற்கு False என்று திருப்பித் தரும், அப்போது கேமராவை மூடிவிட்டு சில நொடி விட்டுத் திரும்பத் திறக்க வேண்டும், விடாமல் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கடைசி ஃபிரேமைத் திரையில் அப்படியே விட்டுவிடாதீர்கள். உறைந்த படம் பார்க்க ஓடுகிற படம் மாதிரியே இருக்கும், களத்தில் வெயிலடிப்பதாக நினைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பார்கள், மேலே மழை கொட்டிக்கொண்டிருக்கும். கடைசி ஃபிரேம் வந்து மூன்று நொடி தாண்டினால் படத்தை மங்கலாக்கி, "படம் நின்றுவிட்டது" என்று நேரத்தோடு குறுக்கே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பனி இறங்கினால் படமே வெள்ளை, அதற்கு மருந்து இல்லை. காற்றுக்கு உண்டு. கம்பம் லேசாகத் திரும்பினால் எல்லாப் பாத்திக் கோடும் சேர்ந்து நகர்ந்துவிடும், ஒவ்வொன்றாகத் திரும்பப் போட யாருக்கும் பொறுமை இல்லை. அசையாத இரண்டு இடத்தில், எங்கள் களத்தில் தண்ணீர்த் தொட்டியின் மூலையிலும் கிடங்கின் கதவு நிலையிலும், சின்னக் கூட்டல் குறி போட்டு வைத்தோம். குறி மூலையை விட்டு விலகியிருந்தால் கேமரா நகர்ந்திருக்கிறது. அம்புக்குறி விசையை அழுத்தினால் எல்லாக் கோடும் ஒன்றாக ஒரு பிக்சல் நகரும், ஷிஃப்டோடு அழுத்தினால் பத்துப் பிக்சல். ஒரு குறி உட்கார்ந்து மற்றது உட்காராவிட்டால் கேமரா சுழன்றும் இருக்கிறது, அதற்கு ஏணி எடுத்துக்கொண்டு கம்பத்தில் ஏற வேண்டியதுதான்.